சாம்பல் கட்டியில் எடை குறைந்த சுவர்க்கல்: முதலில் அதன் தாகத்தைத் தீர்த்துவிடுங்கள்

சாம்பல் கட்டியையும் சிமெண்டையும் கலந்து செய்கிற இந்தக் கல்லை முதல் தடவை அடித்தது ஒரு சித்திரை மாசத்தில். திருநெல்வேலிப் பேட்டைக்குத் தெற்கே வாடகைக்குப் பிடித்த ஒரு களத்தில் ரெண்டு நாள் உட்கார்ந்து 120 கல் அடித்து வரிசையாக வைத்தோம், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூணாம் நாள் காலையில் ஒரு கல்லைத் தூக்கினேன். மூலை அப்படியே கையோடு வந்துவிட்டது. அடுத்த கல், அதற்கடுத்த கல், எல்லாமே அப்படித்தான். ஓரத்தை விரலால் தேய்த்தால் சாம்பலும் சிமெண்டும் தனித்தனியாக உதிர்ந்தது. எங்களோடு நின்ற வயசான கொத்தனார் ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சாம்பக்கட்டி காய்ஞ்சு கெடந்ததுல்லா, கலவைல ஊத்துன தண்ணியப் பூரா அது குடிச்சிட்டு. பெறவு சிமெண்டு எதக் குடிச்சு இறுகும்?"

விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. எடை குறைந்த கல் அடிக்கிறவர்களில் பாதிப்பேர் தோற்பது இங்கேதான், விகிதத்திலோ மெஷினிலோ அல்ல. சாதாரண கருங்கல் ஜல்லி தண்ணீரைக் குடிப்பது மிகக் குறைவு. எடை குறைந்த ஜல்லி எதுவாக இருந்தாலும் உள்ளே பொந்து பொந்தாக இருப்பதால்தான் எடை குறைகிறது, அந்தப் பொந்து காய்ந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும். அதனால் கீழே எழுதியிருப்பதில் எதை மறந்தாலும் ஊறவைப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: நம் பக்கத்தில் செங்கலுக்கு மண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். வயலின் மேல்மண்ணும் குளத்து மண்ணும்தான் சூளைக்குப் போகிறது, அதைச் சுட உடைமரமும் விறகும் லாரி லாரியாகப் போகிறது. மேல்மண் போன வயல் திரும்ப வயலாக எத்தனை வருஷம் ஆகும் என்று அங்கே பயிர் வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். இன்னொரு பக்கம், 50 கிலோமீட்டர் தூரத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையம் இருக்கிறது. 210 மெகாவாட் யூனிட் ஐந்து, மொத்தம் 1050 மெகாவாட். அங்கே எரிகிற நிலக்கரியின் சாம்பலை எங்கே கொட்டுவது என்பதே ஒரு பெரிய கவலை. சாம்பலைச் செங்கல், சிமெண்ட், சாலை வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-லேயே அறிவிக்கை போட்டுவிட்டது. மண்ணைத் தோண்டாமல், சூளையும் போடாமல் கல் செய்ய வழி இருக்கும்போது செய்யலாம் என்பதுதான் என் எண்ணம்.

எந்த ஜல்லி?

எடை குறைந்த கனிமப் பொருள் என்று தேடினால் முதலில் பெர்லைட்டும் வெர்மிகுலைட்டும்தான் வரும். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறை. அதன் உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைபட்டிருக்கும், 850, 900 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பாறையைப் பொரியரிசி மாதிரி உப்ப வைத்துவிடும், நாலு மடங்கிலிருந்து இருபது மடங்கு வரை. வெர்மிகுலைட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அது அபிரகம் மாதிரி ஏடு ஏடாக இருப்பதால் சூட்டில் ஏடுகள் பிரிந்து புழு நெளிவது போல நீளும். இது நம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது, திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் சுரங்கம் இருக்கிறது. ரெண்டும் நல்ல பொருள், ஆனால் சுவர்க்கல்லுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து காற்றை மூட்டை கட்டிக் கொண்டுவருவது போலத்தான், லாரி நிறைந்துவிடும், எடை இருக்காது, வாடகை மட்டும் முழுசாகக் கேட்பார்கள். அதோடு இவற்றில் அடித்த கல் பாரம் தாங்காது. மொட்டை மாடியில் தட்டோட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்பாகப் போடுவதற்கு வெர்மிகுலைட் அருமையான சரக்கு, அந்த வேலையைக் கடைசியில் சொல்கிறேன்.

எரிமலை நுரைக்கல் கிடைக்கிற நாட்டில் அதையே போடுவார்கள். ரோமாபுரியில் பாந்தியன் என்ற பழைய கோயிலின் கவிகைக் கூரையில், மேலே போகப் போக எடை குறைந்த கல்லாகப் பார்த்துப் போட்டு, உச்சியில் நுரைக்கல்லைக் கலந்திருக்கிறார்கள், சுமார் 1900 வருஷமாக நிற்கிறது. நமக்கு நுரைக்கல் இல்லை. ஆனால் நம் ஆட்களும் இந்த யோசனை இல்லாமல் இருக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளின் மச்சைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருங்கல் ஜல்லி இருக்காது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான் இருக்கும். செங்கல் ஜல்லி கருங்கல்லைவிட எடை குறைவு, வெப்பத்தையும் மெதுவாகக் கடத்தும்.

சரி, நமக்குப் பக்கத்தில் கிடைப்பது எது? பாட்டம் ஆஷ் என்று வியாபாரிகள் சொல்லும் அடிச்சாம்பல். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதி எரிக்கும்போது, பறந்து போய் வடிகட்டியில் மாட்டுவது ஃப்ளை ஆஷ் என்கிற பறக்கும் சாம்பல், பவுடர் மாதிரி இருக்கும். கொதிகலனின் அடியில் விழுந்து கட்டி கட்டியாக, மணலும் குருணையுமாகச் சேருவது அடிச்சாம்பல். இதைத் தவிர, விறகுக்குப் பதில் கரி போடுகிற சின்ன பாய்லர்களில் வரும் தேன்கூடு மாதிரியான கட்டியைச் சிண்டர் என்பார்கள், அதையும் உடைத்துப் போடலாம். நம் கல்லுக்கு ஜல்லி அடிச்சாம்பலும் சிண்டரும். பறக்கும் சாம்பல் ஜல்லி கிடையாது, அது சிமெண்டுக்குத் துணை. இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டு ஃப்ளை ஆஷையே மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கல் அடித்துவிட்டு எடை குறையவில்லை என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தையில் விற்கிற ஃப்ளை ஆஷ் செங்கல் நல்ல கல்தான், ஆனால் அது எடை குறைந்த கல் ஆகாது, கிரஷர் டஸ்ட் என்கிற கல்தூள் நிறைய இருப்பதால் ஒரு கல் 3 கிலோ பக்கம் வந்துவிடும்.

நெல் ஆலைச் சாம்பலைச் சேர்க்கலாமா என்று வயல்காட்டு ஊர்களிலிருந்து கேட்கிறார்கள். உமியைப் பக்குவமான சூட்டில் எரித்தால்தான் அந்தச் சாம்பல் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். ஆலைக்குப் பின்னால் குவித்து எரிந்த கறுப்புச் சாம்பலில் கரி நிறைய இருக்கும், தண்ணீரை உறிஞ்சுமே தவிர உதவாது. தெர்மாகோல் உருண்டை போட்டு எடை குறைக்கிற வழியும் ஒன்று உண்டு, எனக்கு அதில் இஷ்டமில்லை, பிளாஸ்டிக்கைச் சுவருக்குள் புதைத்துவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் கல் என்று பெயர் வைக்க மனசு வரவில்லை.

சாம்பலைப் பார்த்து வாங்குவது

லாரி வந்து கொட்டுவதற்கு முன்னாலேயே ஒரு சட்டி எடுத்துப் பாருங்கள். மூணு விஷயம் போதும். ஒரு கட்டியை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் சாம்பல் நிறம் ஒட்டலாம், மை மாதிரி கறுப்பாக ஒட்டினால் எரியாத கரி நிறைய இருக்கிறது, வேண்டாம். கட்டியை உடைத்தால் உள்ளே ரொட்டி மாதிரி பொந்து தெரிய வேண்டும், கண்ணாடி மாதிரி பளபளவென்று கெட்டியாக இருந்தால் அது எடையைக் குறைக்காது. மூணாவது உப்பு. சாம்பல் குட்டையிலிருந்து அள்ளிய சரக்கில், அதுவும் கடற்கரைப் பக்கத்துச் சரக்கில் உப்பு இருக்கலாம். ஒரு வாளி நல்ல தண்ணீரில் ரெண்டு படி சாம்பலை ஒரு ராத்திரி போட்டு வைத்துத் தெளிந்த தண்ணீரை ஒரு கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். வெள்ளையாகப் பொரிந்து படிந்தால் அந்தச் சரக்கை ரெண்டு மூணு தண்ணீரில் அலசாமல் தொடக்கூடாது. அலசாமல் அடித்த கல்லில் பூச்சுக்கு மேல் உப்புப் பூத்து வருஷா வருஷம் பெயிண்ட் உரியும். கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், அதனால் எவ்வளவு அலசினாலும் இந்தக் கலவையைக் கம்பி போட்ட லிண்டலுக்கோ பில்லருக்கோ கொண்டுபோகாதீர்கள். சுவர்க்கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிண்டர் வாங்கினால் வந்த உடனே பயன்படுத்தாமல் ஒரு மாசமாவது குவித்துவைத்து அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள். அதற்குள் இருக்கும் சுட்ட சுண்ணாம்புத் துணுக்குகள் குவியலிலேயே நீறிவிட வேண்டும். நீறாமல் சுவருக்குள் போனால் ஆறு மாசம் கழித்துப் பூச்சில் அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும்.

சல்லடை ரெண்டு வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேலே நிற்பதை உடைத்துத் திரும்பச் சலியுங்கள். அதற்குக் கீழே வருவதைக் குருணை தனி, தூள் தனி என்று பிரித்துவைத்தால் போதும். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம், துண்டைச் சுற்றிக்கொண்டால் போதாது, இந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. வேலைக்கு வரும் அக்காமாருக்கும் வாங்கிக் கொடுத்து, போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வேலை வாங்குங்கள்.

ஊறவைப்பது

நாளைக்குக் கல் அடிக்கப் போகிறோம் என்றால் இன்றைக்குக் காலையில் குருணைச் சாம்பலைத் தொட்டியில் போட்டு முங்கத் தண்ணீர் விட வேண்டும். போட்டவுடன் புசுபுசுவென்று குமிழி வரும், அந்தச் சத்தம் ரொம்ப நேரம் கேட்கும், அதுதான் பொந்துக்குள்ளிருந்து காற்று வெளியேறுகிற சத்தம். 24 மணி நேரம் விடுங்கள். தொட்டி இல்லாதவர்கள் தார்ப்பாயை விரித்துக் குவியலாகப் போட்டு, ராத்திரி வரை நாலைந்து தடவை குடம் குடமாக ஊற்றி ஈரச்சாக்கால் மூடிவைக்கலாம். மறுநாள் விடிகாலையில் சரிவான தளத்தில் அள்ளிப் போட்டு ஒரு மணி நேரம் வடியவிட வேண்டும். பதம் எப்படித் தெரியும் என்றால், ஒரு கட்டியை எடுத்துப் பாருங்கள், மேல்பக்கம் மினுமினுப்பு இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும், உடைத்தால் உள்ளே கறுப்பாக ஈரம் தெரிய வேண்டும். உள்ளே வெளுத்திருந்தால் இன்னும் ஊறவில்லை. மேலே தண்ணீர் மினுங்கினால் இன்னும் வடியவில்லை.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. இப்படி உள்ளே போன தண்ணீர் வீணாவதில்லை, கல் காயக் காய அந்தத் தண்ணீர் மெதுவாகக் கசிந்து சுற்றியிருக்கும் சிமெண்டுக்குப் போகிறது. வெளியிலிருந்து நாம் தெளிக்கிற தண்ணீர் எட்டாத இடத்துக்கு உள்ளிருந்தே தண்ணீர் கிடைக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. கடலோர ஊர்க்காரர்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊறவைக்கவும் கலக்கவும் எடுக்க வேண்டாம், குடிக்க முடிகிற தண்ணீராக இருக்கட்டும்.

கலவை

அளவுக்குப் பலகையில் ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள்: உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். சரியாக 35 லிட்டர், அதாவது ஒரு மூட்டை சிமெண்ட். சட்டிக் கணக்கு வேண்டாம், காலையில் கோபுரமாக அள்ளுகிற சட்டி மத்தியானத்துக்கு மேல் தலைதட்டாகிவிடும்.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு அரைப் பெட்டி பறக்கும் சாம்பல், ஒரு பெட்டி கிரஷர் டஸ்ட் அல்லது எம் சாண்ட், ஆறு பெட்டி அடிச்சாம்பல். அந்த ஆறில் நாலு குருணை, ரெண்டு தூள். இது நான் பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்து நிலைத்த விகிதம், உங்கள் சரக்குக்கு ஒரு பெட்டி முன்னே பின்னே ஆகலாம், அதனால் முதலில் பத்துக் கல் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆயிரத்துக்குப் போக வேண்டும்.

சிமெண்ட் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பி.பி.சி. என்றிருந்தால் அதில் ஏற்கெனவே 15-லிருந்து 35 சதவீதம் வரை பறக்கும் சாம்பல் கலந்திருக்கும், அதற்கு மேல் நீங்கள் அரைப் பெட்டி போட்டால் கல் இறுக ரொம்ப நாள் எடுக்கும், மழைக்காலத்தில் மூலை உடையும். தனியாகச் சாம்பல் சேர்ப்பதாக இருந்தால் சாம்பல் கலக்காத ஓ.பி.சி. வாங்குங்கள். பி.பி.சி.தான் கிடைக்கிறது என்றால் பறக்கும் சாம்பலை விட்டுவிட்டு அதற்குப் பதில் தூளை அரைப் பெட்டி கூட்டிக்கொள்ளலாம்.

கலக்கிற வரிசை முக்கியம். ஊறி வடிந்த குருணையை முதலில் தளத்தில் பரப்ப வேண்டும். சிமெண்டையும் பறக்கும் சாம்பலையும் தனியாக ஒரு தகரத்தில் நிறம் ஒன்றாகும் வரை புரட்டிவிட்டு, அந்தக் குருணை மேல் தூவிப் புரட்டுங்கள். ஈரக் கட்டிகளின் மேல் சிமெண்ட் மாவு ஒட்டி ஒவ்வொரு கட்டியும் விபூதி பூசினது போல ஆகிவிடும். அந்தப் பூச்சுதான் கட்டியையும் கட்டியையும் பிடிக்கிற பிடி. அதற்கப்புறம் தூளும் டஸ்டும், கடைசியாகத் தண்ணீர், பூவாளியில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மூட்டைக் கலவைக்கு 20, 25 லிட்டருக்குள் முடிந்துவிடும். பதம் பார்க்க ஒரு கை அள்ளிப் பிடியுங்கள்: புட்டு மாவுக்குப் பார்க்கிற அதே பதம், பிடித்தால் பிடிக்க வேண்டும், சுண்டினால் உதிர வேண்டும். ஆனால் உள்ளங்கையில் லேசாகப் பசை மாதிரி ஈரம் ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை என்றால் இன்னொரு பூவாளி. விரலிடுக்கில் சிமெண்ட் தண்ணீர் வழிந்தால் அதிகமாகிவிட்டது, அச்சைத் தூக்கினதும் கல் சரியும். காங்கிரீட் போடுகிற உருளை மிக்சரில் இந்த உலர்ந்த கலவை உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும், அதனால் அகலத் தட்டு மாதிரி இருக்கிற பான் மிக்சர் இல்லையென்றால் மம்பட்டியால் கையிலேயே புரட்டுவது மேல். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் அச்சில் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தில் தண்ணீர் விட்டு மறுபடி கிளறி அடிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அடிப்பது, காப்பாற்றுவது

அச்சு இரும்புத் தகட்டில் செய்ததாக இருந்தால் நல்லது. வீட்டுக்காகக் கொஞ்சம் கல் அடிப்பவர்களுக்கு 16 இஞ்ச், 8 இஞ்ச், 4 இஞ்ச் அளவு போதும். உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கழிவு ஆயில் தடவினால் கல்லில் கறை ஏறிப் பின்னால் பூச்சு பிடிக்காது. பாதி போட்டு இடித்து, மேலே கீறிவிட்டு, மீதி போட்டு இடிக்க வேண்டும். ரெண்டு கிலோ கட்டையால் ஒவ்வொரு அடுக்குக்கும் பதினைந்து குத்துப் போதும். கருங்கல் ஜல்லிக் கல்லுக்கு இடிப்பது போல ஓங்கி ஓங்கி இடித்தால் பொந்துக் கட்டிகள் நொறுங்கி மாவாகி, கல் கனத்துப் போகும். இத்தனை பாடுபட்டது எடை குறைக்கத்தானே. வைப்ரேட்டர் மெஷின் வைத்திருப்பவர்களும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், குத்துச் சத்தம் மந்தமானதும் நிறுத்திவிடலாம்.

அச்சைத் தூக்கியதிலிருந்து முதல் 24 மணி நேரம்தான் கல்லின் தலைவிதி. தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் முகம் கரைந்துவிடும். வெயிலும் படக்கூடாது. வெயிலைவிட ஆபத்து காற்று, இது நம்ம மாவட்டத்துக்கு என்றே சொல்ல வேண்டிய விஷயம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கிற காற்று பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையையே சுற்ற வைக்கிறது, புதுக்கல்லின் ஈரத்தை எடுப்பது அதற்கு எம்மாத்திரம். வானம் மூட்டமாகத்தானே இருக்கிறது என்று கல்லைத் திறந்து போட்டுவிட்டுப் போய் சாயங்காலம் வந்து பார்த்தால் மேல்பக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல் ஓடியிருக்கும். ஓலைத் தட்டியோ தார்ப்பாயோ கட்டி மேற்குப் பக்கத்தை அடைத்துவிட்டுத்தான் ஆடியில் கல் அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் தையும் மாசியும்தான் இதற்கு நல்ல மாசம், மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

அடித்த உடனே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டு ஈரச்சாக்குப் போட்டுத் தெளிக்க ஆரம்பிக்கலாம், ஒரு நாளைக்கு மூணு தடவை. நாலாம் நாள் காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டு நாலு அடுக்காக அடுக்கலாம், சாக்கு மேலேயே இருக்கட்டும். சாலிட் பிளாக் என்கிற சாதாரண கெட்டிக் காங்கிரீட் கல்லுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டுவிட்டு லோடு ஏற்றிவிடுகிறார்கள். பறக்கும் சாம்பல் போட்ட கல்லுக்கு அது பத்தாது, சிமெண்ட் முதலில் இறுகி அது வெளிவிடுகிற சுண்ணாம்போடுதான் சாம்பல் சேர்ந்து இறுக வேண்டும், அது நிதானமாக நடக்கிற வேலை. மூணு வாரம் தண்ணீர், அதற்கப்புறம் ஒரு வாரம் நிழலில் காய்ச்சல். இந்தக் காய்ச்சல் வாரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரக்கல்லைச் சுவரில் வைத்தால் அது சுவரிலேயே காய்ந்து சுருங்கும், சுருங்கினால் மூட்டுக்கு மூட்டு வெடிப்பு விழும்.

தேறியிருக்கிறதா என்று பார்ப்பது

16, 8, 4 இஞ்ச் அளவில் சாதாரண சாலிட் பிளாக் 17, 18 கிலோ இருக்கும். நம்ம கல் காய்ந்தபின் 10, 11 கிலோவுக்குள் இருந்தால் சரியாக வந்திருக்கிறது. நூறு சதுர அடிச் சுவருக்குச் சுமார் 110 கல் போகும், கல்லுக்கு ஏழு கிலோ மிச்சம் என்றால் ஒரு சுவரில் முக்கால் டன்னுக்கு மேல் பாரம் குறைகிறது. மாடியில் புதிதாக ஒரு அறை தடுக்கும்போது, கீழே இருக்கிற பீமுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்கள் இஞ்சினியரைக் கேளுங்கள். அப்புறம், 17 கிலோ கல்லை நாள் முழுக்க மாடிக்குத் தூக்குகிற சித்தாளின் முதுகையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் குடிக்கிற அளவைப் பார்க்க, நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 10.4 கிலோ கல் 12.1 ஆனால் 1.7 கிலோ தண்ணீர், அதாவது 16 சதவீதம். செங்கலுக்கு ஐ.எஸ். 1077 என்கிற இந்தியத் தரநிலை வைத்திருக்கிற எல்லை 20 சதவீதம், அதற்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரெண்டு கல்லைத் தட்டினால் மண்பானை மாதிரி கணீரென்று கேட்காது, பொந்து இருப்பதால் சத்தம் மந்தமாகத்தான் வரும், அதை வைத்துக் கல் மோசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வலிமையை மட்டும் வீட்டில் அளக்க முடியாது. பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடம் ஏதாவதொன்றில் 28 நாள் ஆன எட்டுக் கல்லைக் கொடுத்து நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சாலிட் பிளாக்குக்கு ஐ.எஸ். 2185 சராசரியாகச் சதுர மில்லிமீட்டருக்கு 4 அல்லது 5 நியூட்டன் கேட்கிறது. 4 நியூட்டன் என்றால் நம்ம 4 இஞ்ச் கல் நசுங்க 16 டன் வேண்டும். இந்தச் சீட்டு கையில் வரும் வரை பில்லர் போட்ட வீட்டின் தடுப்புச் சுவருக்கு மட்டும் வையுங்கள், பாரம் தாங்குகிற சுவருக்கு வேண்டாம்.

சுவரில் வைக்கும்போது

கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: செங்கல்லை நனைப்பது மாதிரி இந்தக் கல்லைத் தொட்டியில் முக்கக்கூடாது. மூட்டுப் பக்கம் மட்டும் லேசாகத் தெளித்தால் போதும். ஜல்லியை ஊறவைக்கச் சொன்ன நானே கல்லை நனைக்காதீர்கள் என்று சொல்வது முரணாகத் தெரியலாம். இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும், இறுகி முடித்தபின் அது காய்ந்த கல்லாகத்தான் சுவருக்குப் போக வேண்டும். சாந்து 1:6, அதாவது சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, போதும், கல்லைவிடச் சாந்து பலமாக இருந்தால் வெடிப்பு சாந்தில் விழாமல் கல்லில் விழும். பில்லரும் கல்லும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

எங்கே வைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரத்திலும் தரைமட்டத்துக்குக் கீழேயும் வேண்டாம். குளியலறைச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை தாண்டி தெருவெல்லாம் நின்றதை நாம் எல்லோருமே பார்த்தோம். ஆற்றங்கரைத் தெருக்களில் வீடு கட்டுகிறவர்கள் தரையிலிருந்து நாலு அடிக்குச் சாதாரண கெட்டிக் கல்லோ செங்கலோ வைத்துவிட்டு அதற்கு மேல் இதை வையுங்கள். பொந்துக் கல் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றால் காய வாரக்கணக்கு ஆகும். வெளிப்பக்கம் பூசாமல் விடுவதும் கூடாது.

இதை முதலில் எந்தச் சுவரில் வைப்பது என்றால் மேற்குச் சுவர். பாளையங்கோட்டை வெயில் சாயங்காலம் மூணு மணியிலிருந்து விழுவது அந்தச் சுவரில்தான், ராத்திரி பதினோரு மணிக்குக் கூட உள்பக்கம் கை வைத்தால் சுடும். இந்த எடையில் உள்ள கல் கெட்டிக் காங்கிரீட்டைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்தும். பட்ஜெட் குறைவு என்றால் மற்ற மூணு பக்கமும் எது வேண்டுமானாலும் வைத்துவிட்டு மேற்கில் மட்டும் 6 இஞ்சில் இந்தக் கல்லைப் போடுங்கள்.

மொட்டை மாடிக்கு வருவோம். இங்கே வெர்மிகுலைட் வாங்குகிற செலவு தகும், ஏனென்றால் கொஞ்சம்தான் வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு உப்பிய வெர்மிகுலைட், கையால் மெதுவாகப் புரட்ட வேண்டும், மிக்சரில் போட்டால் ஏடு நொறுங்கிவிடும். ரெண்டு இஞ்ச் கனத்தில் பரப்பி, பலகையால் தட்டாமல் இழுத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் மேலே சாந்து போட்டுத் தட்டோடு பதிக்கலாம். அந்த அடுக்கின் மேல் நேராக நடக்கவோ தண்ணீர்த் தொட்டி வைக்கவோ கூடாது, அது பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஐப்பசிக்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள், ஈரத்தோடு மூடினால் அந்த ஈரம் கீழ்த்தளத்தில் கறையாக இறங்கும்.

உடைந்த கல், மூலை போன கல் எதையும் தூக்கிப் போட வேண்டாம். உடைத்துச் சலித்து மறுநாள் ஊறவைக்கிற தொட்டியிலேயே போடுங்கள், ஆறு பெட்டி அடிச்சாம்பலில் ஒரு பெட்டி வரை இதைச் சேர்க்கலாம்.